வேலையில் ஊனமுற்றோர்க்கு உரிய நஷ்ட ஈடு

சேலம் ஜில்லாவில், ஓமலூரிலிருந்து மேட்டூருக்குச் செல்லும் பாதையில் உள்ள மேச்சேரி, பத்திரகாளியம்மன் கோயிலாலும், தோலுக்குப் பேர்போன மேச்சேரி ஆட்டினத்தாலும் பல ஜில்லாக்களில் அறியப்பட்ட ஊராகும். அதனைச் சுற்றியுள்ள கிராமங்களின் நிலங்கள் பெரும்பாலும் வானம் பார்த்த மேட்டு நிலங்கள். 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை மிக அருகிலேயே இருந்தபோதிலும், அதன் நீர் பெரும்பாலும் கீழ்நாட்டு நன்செய்களுக்கே சென்று பாய்கின்றது. இப்பக்கத்துக் குடியானவர்கள் மழையையும் கிணற்றையும் நம்பி நிலக்கடலை, சோளம், இராகி முதலியவற்றைப் பயிரிட்டு வருகின்றனர்.

நிலத்தின் வருமானம் ஒன்றே குடும்பத்திற்குப் போதாமையால், அண்ணன் நிலத்தைப் பார்க்கத் தம்பி ஆலைக்குச் செல்லும் வழக்கம் இங்கு வேரூன்றியுள்ளது. மேட்டூரில் 1936-ஆம் ஆண்டில் ஏற்பட்ட இரசாயனத் தொழிற்சாலையும், 1987-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் அனல் மின் நிலையமும், பொட்டனேரியில் உள்ள இரும்பு உருக்காலையும், அவற்றைச் சார்ந்த சிறு பட்டறைகளும் பலருக்கு வேலை தருகின்றன. வேறு சிலர் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று லாரிகளில் ஏறி வடநாடு வரையில் சென்று மாதக்கணக்கில் உழைக்கின்றனர்.

இவ்வேலைகள் யாவற்றிலும் அபாயம் உண்டு. தட்டு வெட்டும் இயந்திரத்தில் விரல் அறுபடுவதும், கதிரடிக்கும் இயந்திரத்தில் கை சிக்குவதும், கிணற்றில் வெடி வைக்கும்போது கண் போவதும், டிராக்டர் கவிழ்ந்து கால் நசுங்குவதும் கிராமங்களில் கேள்விப்படாத செய்திகள் அல்ல. ஆனால், அவ்விதம் ஊனமுற்றவனுக்குச் சட்டப்படி என்ன சேர வேண்டும், அதை யாரிடம் எவ்வாறு கேட்பது என்பதைப் பலர் அறியார். வேலை கொடுத்தவர் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்து, மேற்கொண்டு சில ஆயிரம் ரூபாயும் அளித்து, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஒரு பத்திரத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டால் காரியம் முடிந்தது என்று இரு தரத்தாரும் எண்ணிவிடுகின்றனர். இவ்வெண்ணம் ஊனமுற்றவனுக்கும் கேடு. வேலை கொடுத்தவருக்கும் கேடு. இதன் காரணத்தை நிலச்சொந்தக்காரர்களும் கிராம அதிகாரிகளும் தெளிவாக உணர்ந்திருத்தல் அவசியம்.

ஈடு தருமம் அன்று, கடன்

முற்காலத்தில் வேலையில் அடிபட்டவன், எஜமானனுடைய குற்றத்தால்தான் அடிபட்டதென்று சிவில் கோர்ட்டில் ருஜுப்படுத்தினாலன்றி ஒன்றும் பெற இயலாது. ஏழைக் கூலியாளுக்கு அது கைக்கு எட்டாத காரியம். ஜெர்மனி தேசத்தில் 1884-ஆம் ஆண்டிலும், இங்கிலாந்தில் 1897-ஆம் ஆண்டிலும் ஏற்பட்ட சட்டங்கள் இம்முறையை மாற்றின. தொழில் நடத்துவோன் இலாபத்தை அனுபவிப்பதுபோலவே, அத்தொழிலில் நேரும் அபாயத்தின் நஷ்டத்தையும் ஏற்க வேண்டும் என்பது அச்சட்டங்களின் கருத்து. குற்றம் யாருடையது என்ற கேள்வியே அவற்றில் முதன்மையாக எழுவதில்லை.

இந்தியாவில் இக்கருத்தைத் தழுவி 1923-ஆம் ஆண்டில் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, 1924-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று அமலுக்கு வந்தது. மறு ஆண்டில் மேட்டூர் அணை வேலை தொடங்கியபோது இச்சட்டம் நடப்பில் இருந்தது.  2010-ஆம் ஆண்டு முதல் அது பணியாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் எனப் பெயர் மாறியது. பின்னர், 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி அமலுக்கு வந்தபோது, பழைய சட்டத்தின் விதிகள் பெரும்பாலும் அத்தொகுப்பின் ஏழாவது அத்தியாயத்தில் இடம் பெற்றன. அத்தேதிக்கு முன் நேர்ந்த விபத்துக்களில் ஏற்பட்ட உரிமைகள் பழைய சட்டத்தைச் சார்ந்தவை. முன்பு நஷ்ட ஈட்டுக் கமிஷனர் என்று வழங்கப்பட்டவர், புதிய தொகுப்பில் தகுதி பெற்ற அதிகாரி எனப்படுகிறார்.

பண்ணை வேலையாளும் இதில் அடங்குவான்

இச்சட்டம் ஆலை முதலாளிகளுக்கு மட்டுமே உரியது என்று நிலச்சொந்தக்காரர்கள் கருதுவது பிழை. டிராக்டர் முதலிய விசையால் இயங்கும் கருவிகளைக் கொண்டு நடக்கும் உழவு வேலை, குழாய்க் கிணறு அமைத்தலும் பழுது பார்த்தலும், வெடி மருந்து உபயோகித்துத் தோண்டும் வேலை, பனை ஏறுதல், மரம் வெட்டுதல் முதலியவை சட்டத்தின் அட்டவணையில் காணப்படுகின்றன. நாள் கூலிக்கு வந்தவன் ஆதலால் உரிமையில்லை என்று முன்பு சில வழக்குகளில் வாதிக்க இடமிருந்தது. தற்காலிகமாக அமர்த்தப்பட்டோரில் ஒரு சாராரை விலக்கிவைத்த அந்த வாசகம் 2000-ஆம் ஆண்டின் திருத்தத்தால் நீக்கப்பட்டது.

விபத்து, வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்ததாக இருத்தல் வேண்டும். இதுவே முக்கிய நிபந்தனை. வேலையாள் சற்று அசட்டையாக இருந்தான் என்பது ஈட்டை மறுப்பதற்குப் போதிய காரணம் ஆகாது. குடிவெறியில் இருந்தமை, பாதுகாப்புக்கென்று விதித்த கட்டளையை வேண்டுமென்றே மீறியமை, பாதுகாப்புக்காக வைத்த மூடியை வேண்டுமென்றே அகற்றியமை ஆகிய மூன்றே எஜமானனுக்கு வாதமாகும். மரணமோ, முழு நிரந்தர ஊனமோ நேர்ந்துவிட்டால் அம்மூன்று வாதங்களும் செல்லா. புதிய தொகுப்பின்படி, வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துங்கூட, அதன் நேரத்திற்கும் இடத்திற்கும் சூழ்நிலைக்கும் வேலையோடு தொடர்பு காட்டப்பட்டால் வேலையில் நேர்ந்ததாகவே கொள்ளப்படும்.

ஒரு வேறுபாட்டை இங்கு நினைவில் வைத்தல் நலம். தன் சொந்த நிலத்தில் தானே உழுது அடிபட்ட குடியானவன் எவருக்கும் பணியாள் அல்லன். ஆகையால் இச்சட்டப்படி ஈடு கேட்க அவனுக்கு இடமில்லை. அவனுக்குரிய உதவியைப் பற்றிப் பின்னர்க் கூறப்படும்.

தொகையைக் கணக்கிடும் விதம்

ஈட்டுத் தொகை எவருடைய மனப்போக்கையும் பொறுத்ததன்று. மாதக் கூலி, விபத்தின்போது இருந்த வயது, ஊனத்தின் அளவு ஆகிய மூன்றையும் கொண்டு அது நிர்ணயிக்கப்படுகிறது. வயதுக்கு ஏற்ற காரணி எண் சட்டத்தின் அட்டவணையில் உள்ளது. 25 வயதுக்கு 216.91, 30 வயதுக்கு 207.98, 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09 என்பன அவற்றிற் சில. மரணம் நேர்ந்தால் மாதக் கூலியில் பாதியையும், முழு நிரந்தர ஊனமானால் மாதக் கூலியில் 60 சதவீதத்தையும் அக்காரணியால் பெருக்க வேண்டும். கணக்கிற்கு எடுத்துக்கொள்ளும் மாதக் கூலிக்கு ஓர் உச்ச அளவு உண்டு. பழைய சட்டத்தின் கீழ் 2020-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதி வெளியான அறிவிக்கை அதனை ரூ. 8,000-லிருந்து ரூ. 15,000-ஆக உயர்த்தியது.

உதாரணமாக, மாதம் ரூ. 12,000 கூலி பெறும் 30 வயதுள்ள ஒருவனை எடுத்துக்கொள்வோம். அவன் இறந்துவிட்டால் அவனைச் சார்ந்தோர்க்கு ரூ. 6,000-ஐ 207.98-ஆல் பெருக்கிய ரூ. 12,47,880 சேர வேண்டும். முழு நிரந்தர ஊனமடைந்தால் ரூ. 7,200-ஐ அதே எண்ணால் பெருக்கிய ரூ. 14,97,456 சேர வேண்டும். பகுதி ஊனமானால் இப்பின்னைய தொகையில் அட்டவணை கூறும் சதவீதம் கிடைக்கும். கட்டை விரல் போனால் 30 சதவீதம். ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 சதவீதம். ஒரு கண் போய் மற்றது நலமாக இருந்தால் 40 சதவீதம். மணிக்கட்டோடு ஒரு கை போனால் 60 சதவீதம். ஆகவே, மேற்கண்டவன் தட்டு வெட்டும் இயந்திரத்தில் கட்டை விரலை இழந்தால் அவனுக்குச் சேர வேண்டியது ரூ. 4,49,236, கை முழுவதையும் இழந்தால் ரூ. 8,98,473. ஊர்க் கூட்டத்தில் பேசி முடிக்கும் தொகைக்கும் இதற்கும் உள்ள தூரத்தை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம்.

ஊனம் நிலையானதாக இல்லாமல், சில காலம் மட்டும் வேலைக்குச் செல்ல இயலாதபடி செய்தால், மாதக் கூலியில் நான்கில் ஒரு பங்கை அரை மாதத்திற்கு ஒரு முறை கொடுத்துவர வேண்டும். இது ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படாது. மூன்று நாட்களுக்கு உட்பட்ட சிறு காயத்திற்கு ஈடு இல்லை. இவையன்றி, வைத்தியத்திற்குச் செலவான உண்மைத் தொகையையும் எஜமானன் தனியே கொடுக்கக் கடமைப்பட்டவன். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்ததனால் ஈட்டுத் தொகை குறையாது.

கூலி நாளுக்கு நாள் மாறுபடுமாயின் மாதக் கூலியை எப்படிக் காண்பது என்ற ஐயம் எழலாம். வேலைக்கு வந்து ஒரு மாதம் நிறையாதவனுக்கு, அதே எஜமானனிடமோ அவ்வட்டாரத்திலோ அதே விதமான வேலை செய்வோர் ஈட்டும் சராசரியைக் கொள்வதற்குச் சட்டம் இடம் தருகிறது.

உறுப்பின் இழப்பும் உழைப்பின் இழப்பும்

அட்டவணையில் காணும் சதவீதமே எப்போதும் முடிவானது என்று எண்ணலாகாது. ஒரிஸ்ஸாவில் 1968-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் கீழே விழுந்து இடது கையை இழந்தார். ஒரு கை தானே போயிற்று, ஆகவே இது பகுதி ஊனம் என்று எஜமானர் தரப்பில் வாதிக்கப்பட்டது. தச்சு வேலையை ஒற்றைக் கையால் செய்ய முடியாது. ஆகையால் அவரைப் பொறுத்தவரை அது முழு ஊனமே என்று கமிஷனர் தீர்மானித்தார். அத்தீர்மானத்தை உச்ச நீதிமன்றம் 1975-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் உறுதிப்படுத்தியது. விபத்து நேர்ந்த அன்றே ஈடு கொடுக்கும் கடமை பிறந்துவிடுகிறது. கமிஷனர் தீர்ப்புக் கூறும் நாள் வரையில் காத்திருக்க எஜமானனுக்கு உரிமையில்லை என்பதும் அத்தீர்ப்பில் தெளிவாக்கப்பட்டது. எஜமானர் செலுத்த வேண்டிய ஈடு ரூ. 9,800, அதற்கு மேல் தண்டமும் வட்டியும் விதிக்கப்பட்டன.

இதனின்று குடியானவர்கள் அறிய வேண்டுவது யாதெனில், வைத்தியரிடம் சான்று பெறும்போது, உறுப்பு எத்தனை சதவீதம் பழுதுற்றது என்பதோடு நில்லாமல், அடிபட்டவன் முன்பு செய்துவந்த வேலையை இனிச் செய்ய முடியுமா என்பதையும் எழுதிப் பெறுதல் வேண்டும். கணக்கெழுதுபவனுக்கு முழங்கால் மடங்காமற்போவது ஒன்று; பனை ஏறுபவனுக்கோ ஏற்றம் இறக்கமுள்ள கிணற்று வேலை செய்பவனுக்கோ அது வேறொன்று.

ஊர் ராஜி செல்லாது

ஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகவோ குறைத்துக்கொள்வதாகவோ எழுதிய எந்த உடன்படிக்கையும் சட்டத்தின் முன் செல்லத்தக்கதன்று. முத்திரைத் தாளில் எழுதினாலும், பஞ்சாயத்தார் சாட்சிக் கையொப்பம் இட்டாலும் இதில் வேறுபாடில்லை. நிரந்தர ஊனத்திற்காக இரு தரத்தாரும் மனமொத்து ஒரு தொகையை நிர்ணயித்தால், அந்த உடன்பாட்டை அதிகாரியிடம் தாக்கல் செய்து பதிவு செய்தல் வேண்டும். தொகை போதாதென்றோ, வஞ்சனையால் பெறப்பட்டதென்றோ கண்டால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம்.

மரணம் நேர்ந்த விஷயத்தில் விதி இன்னும் கடுமையானது. ஈட்டுத் தொகையை அதிகாரியிடம் கட்ட வேண்டுமேயன்றி, இறந்தவன் வீட்டில் நேரே கொடுத்தல் கூடாது. முன்பணமாகக் கொடுக்கும் சிறு தொகை நீங்கலாக, நேரே கொடுத்தது கொடுத்ததாகவே கருதப்படமாட்டாது. நல்லெண்ணத்தோடு இரண்டு இலட்சம் ரூபாயை விதவையின் கையில் கொடுத்த நிலச்சொந்தக்காரர், முழுத் தொகையையும் மறுபடியும் கட்ட நேரிடலாம். விதவையின் கையில் சேர்ந்த பணமும் மைத்துனர், மாமனார் கைகளில் சிதறிப்போகாமல், குழந்தைகளின் பங்கு பாங்கியில் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதே இவ்விதியின் நோக்கம்.

உரிய தொகையை ஒரு மாதத்திற்குள் கொடாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி சேரும். தாமதத்திற்குத் தக்க காரணம் இல்லையாயின், ஈட்டுத் தொகையில் பாதி வரையில் தண்டம் விதிக்கலாம். தீர்ப்பான தொகையை நிலவரிப் பாக்கியைப்போல வசூலிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அதாவது, வேலையாளின் கைக்குச் சேராத ஈடு, முடிவில் பட்டா நிலத்தின் மேல் பாக்கியாக வந்து நிற்கும்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

ஈட்டு வழக்குகளில் பெரும்பாலும் தகராறு எழுவது சட்டத்தைப் பற்றியன்று. இவன் என்னிடம் வேலை செய்யவே இல்லை, அன்றைய தினம் வரவே இல்லை, வீட்டில் விழுந்து அடிபட்டான் என்று பின்னர்க் கூறும் மறுப்புக்களாலேயே பல குடும்பங்கள் தோற்கின்றன. அடிபட்டவன் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது, அவனுடைய தகப்பனாரோ, தமையனோ, மனைவியோ கீழ்க்கண்டவற்றைத் தாமதமின்றிச் செய்துவிடுதல் நலம்.

1. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே, எந்த இடத்தில், யாருடைய வேலையில், எந்தக் கருவியால் அடிபட்டது என்பதை உள்ளபடி சொல்லிப் பதியச் செய்தல் வேண்டும். எஜமானனுக்கு இடைஞ்சல் வரக்கூடாதென்று எண்ணி வேறு காரணம் சொல்லி எழுதி வைத்தால், அந்த ஒரு வரியே பின்னர் வழக்கைக் கெடுத்துவிடும்.

2. விபத்தின் தேதி, காரணம் இவற்றைக் குறித்து எஜமானனுக்கு எழுத்து மூலமாக அறிவிப்புக் கொடுத்து, ரிஜிஸ்டர் தபாலின் இரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். விபத்தை எஜமானன் வேறு வழியில் அறிந்திருந்தால் அறிவிப்பு இல்லாமை குற்றமாகாது; எனினும் எழுத்து எப்போதும் பலம்.

3. கூலி கொடுத்ததற்கு அடையாளமான சீட்டு, பாங்கிக் கணக்குப் புத்தகம், வருகைப் பதிவு, உடன் வேலை செய்தோர் பெயர் ஆகியவற்றைச் சேகரிக்க வேண்டும். உடன் வேலை செய்தோர் ஊர் மாறிச் செல்லுமுன் அவர்கள் கூற்றை எழுதி வாங்குதல் நன்று.

4. மருந்து, வண்டிச் சத்தம், ஆஸ்பத்திரி ஆகிய செலவுகளின் இரசீதுகளை ஒரே கட்டாக வைக்க வேண்டும்.

5. பெரிய காயமாயினும் மரணமாயினும் போலீஸ் நிலையத்தில் தகவல் பதிந்து நகல் பெற வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர் இவ்விஷயத்தில் செய்யக்கூடிய உதவி பெரிது. விபத்து நேர்ந்த இடத்தை அன்றே பார்த்து, தேதியோடு குறிப்பு எழுதி வைத்தால், அது இரு தரத்தாருக்கும் பொதுவான சாட்சியாகும். வயது, குடியிருப்பு, குடும்பத்தில் சார்ந்திருப்போர் ஆகியவற்றுக்கான சான்றுகளை விரைந்து அனுப்பினால் மனு தடைப்படாது. வாரிசுச் சான்று ஒன்றே போதும் என்று கருதலாகாது. வாரிசு என்பது வேறு, இச்சட்டம் கூறும் சார்ந்திருந்தோர் என்பது வேறு. விதவை, மைனர் பிள்ளைகள், மணமாகாத மகள், விதவைத் தாய் ஆகியோர் முதல் வரிசையில் நிற்பர். இறந்தவனுடைய சம்பாத்தியத்தால் பிழைத்துவந்த வேறு உறவினரும் சிலர் அதில் சேர்வர்.

மனுவும் காலமும் இடமும்

விபத்து அல்லது மரணம் நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க அதிகாரிக்கு உரிமை உண்டு. ஆயினும் அதனை நம்பிக் காத்திருத்தல் கூடாது. எஜமானன் ஏதோ கொடுத்துக்கொண்டு வருகிறார், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காலத்தைக் கழித்தவர்களே இதில் ஏமாறுகின்றனர்.

மனுவை விபத்து நேர்ந்த இடத்தில்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. மனுதாரர் குடியிருக்கும் இடத்துக்குரிய அதிகாரியிடமே கொடுக்கலாம். ஆகவே, மத்தியப் பிரதேசத்தில் ஆழ்துளைக் கிணற்று லாரியில் வேலை செய்து அடிபட்டவனுடைய மேச்சேரித் தகப்பனார் அவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை. சேலத்திலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகலாம். எஜமானன் மேல்முறையீடு செய்ய விரும்பினால், தீர்ப்பான தொகையை முதலில் கட்டிய பிறகே உயர் நீதிமன்றம் செல்ல முடியும்.

வக்கீல் வைக்கப் பொருளில்லையே என்று சோர்வடைய வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டப்படி, பெண்களும், தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் பழங்குடியினரும், ஊனமுற்றோரும், தொழிலாளரும் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். ஜில்லா நீதிமன்றத்தைச் சார்ந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனுக் கொடுத்தால் போதும். தரகரிடம் பங்கு பேசிக்கொண்டு செல்வோர் தம் பொருளைத் தாமே இழக்கின்றனர்.

ஆலையில் வேலை செய்வோருக்குத் தனி வழி

தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் திட்டத்தில் பதிவானவர்களுக்கு மேற்கூறிய ஈடு எஜமானனிடமிருந்து கிடையாது. அதற்குப் பதிலாக இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷனே உதவி தருகிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலைகளில், மாதம் ரூ. 21,000 வரையில் சம்பளம் பெறுவோர் இதில் சேர்வர். இவ்வரம்பு 2017-ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஏற்பட்டது. வேலையில் அடிபட்டவனுக்கு, குணமாகும் வரையில் சராசரி நாட்கூலியில் 90 சதவீத அளவில் உதவி கிடைக்கும். நிரந்தர ஊனமானால், வைத்தியக் குழு நிர்ணயிக்கும் உழைப்பின் இழப்புக்கு ஏற்ப வாழ்நாள் முழுவதும் பணம் வந்துகொண்டிருக்கும். இறந்தால் சார்ந்தோர்க்கு மாத உதவி உண்டு. இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேலையில் நேர்ந்த விபத்துக்கு இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் அடிபட்டவனும் இதற்கு உரியவனே.

கண்டிராக்டர் மூலம் வேலைக்குச் சென்றவர்களின் பெயர் சில சமயம் பதிவாகாமல் விடப்பட்டிருக்கும். அதனால் உரிமை போய்விடாது. கார்ப்பொரேஷன் உதவியைக் கொடுத்து, தவறிய எஜமானனிடமிருந்து வசூலித்துக்கொள்ளச் சட்டம் வழி செய்துள்ளது. ஆகவே ஆலைக்குச் செல்லும் பிள்ளையின் இன்ஷூரன்ஸ் எண்ணை வீட்டார் ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருத்தல் வேண்டும். அந்த எண் இல்லையென்றால் அப்போதே கேட்டுப் பெறுதல் நலம். விபத்து நேர்ந்த பின்னர்க் கேட்பது கடினம்.

குடியானவருக்கே விபத்து நேர்ந்தால்

சொந்த நிலத்தில் உழைப்போருக்காகவும் நிலமற்ற விவசாயக் கூலிகளுக்காகவும், தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டில் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. நன்செய் 2.5 ஏக்கர் அல்லது புன்செய் 5 ஏக்கர் வரையில் உடைய, 18 முதல் 65 வயதுக்கு உட்பட்ட உழவர்களுக்கு அது ஏற்பட்டது. நிலமற்ற விவசாயத் தொழிலாளர் விஷயத்தில், விபத்து மரணத்திற்கான உதவியை ரூ. 1 இலட்சத்திலிருந்து ரூ. 2 இலட்சமாகவும், விபத்தில் உறுப்பிழந்தோர்க்கான உதவியை ரூ. 20,000-லிருந்து ரூ. 1 இலட்சமாகவும் உயர்த்துவதாக 2025-26-ஆம் ஆண்டின் வேளாண் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. இவ்வுதவி சர்க்கார் மனமுவந்து தருவது. எஜமானன் செலுத்த வேண்டிய சட்டப்படியான ஈட்டுக்கு இது மாற்று அன்று. கூலியாளுக்கு சர்க்கார் உதவி கிடைத்துவிட்டது என்று கூறி நிலச்சொந்தக்காரர் தம் கடனிலிருந்து விலக இயலாது.

இவையன்றி, 2016-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுற்றவர் என்று வைத்தியச் சான்று பெற்றவர், அடையாள அட்டை பெற்று, வேறு பல சலுகைகளுக்கும் உரியவராவார். ஈட்டு வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இச்சான்றுக்கும் மனுச் செய்து வைக்கலாம்.

நிலச்சொந்தக்காரரின் தற்காப்பு

மேற்கூறிய தொகைகளைக் கண்டு, ஐந்து ஏக்கர் புன்செய் உடையவர் அஞ்சுவது இயல்பே. கட்டை விரல் ஒன்றுக்கு நான்கரை இலட்சம் ரூபாய் என்றால், ஒரு காணி நிலமே கைமாறிப் போகக்கூடும். அவ்வச்சத்திற்குப் பரிகாரம் உண்மையை மறைப்பதன்று. முன்கூட்டியே இன்ஷூரன்ஸ் செய்து வைப்பதாகும். பணியாளர் ஈட்டுப் பொறுப்புக்கென்றே பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பாலிசி வழங்குகின்றன. கிணறு வெட்டுதல், ஆழப்படுத்துதல், இயந்திர அறுவடை முதலிய வேலைகளைத் தொடங்குமுன் அத்தகைய பாலிசி எடுத்துக்கொள்ளலாம். வேலையைக் கண்டிராக்டரிடம் விடுவதானால், அவரிடம் அது உள்ளதா என்று கேட்டு நகலை வாங்கி வைத்த பின்னரே வேலையைத் தொடங்க விடுதல் வேண்டும். டிராக்டர் வைத்திருப்போர், ஓட்டுபவனுக்குரிய பொறுப்பும் தம் பாலிசியில் அடங்கியுள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். டிராக்டரில் ஓட்டுபவனுக்கு மட்டுமே இருக்கை உண்டு. சக்கர மூடியின் மேல் ஆட்களை ஏற்றிச் செல்வது உயிருக்கும் அபாயம், இன்ஷூரன்ஸ் உரிமைக்கும் தடை.

இயந்திரங்களால் கையிழந்தோர் தொகை பெருகியதன் காரணமாகவே, விசையால் இயங்கும் கதிரடி இயந்திரங்களைப் பற்றி 1983-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. கதிர் செலுத்தும் வாய் நீண்டு, கை உள்ளே எட்டாதபடி அமைந்த இயந்திரத்தையே வாங்க வேண்டும். தட்டு வெட்டும் இயந்திரத்தின் சக்கரத்திற்கு மூடி இடுதல், இரவு நேரத்திலும் தூக்கக் கலக்கத்திலும் இயந்திர வேலை கொடாதிருத்தல், தளர்ந்த வேட்டியும் மேல் துண்டும் அணிந்து இயந்திரத்தின் அருகே நில்லாதிருத்தல் ஆகியவை பொருட்செலவு அதிகமில்லாத காப்புக்கள். வேலையாட்களின் பெயர், வேலை செய்த நாள், கொடுத்த கூலி இவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருவதும் அவ்வாறே. அக்கணக்கு, பொய் வழக்கு வந்தால் நிலச்சொந்தக்காரரைக் காக்கும். மெய்யான வழக்கானால் வேலையாளைக் காக்கும்.

மாடு கால் ஒடிந்து படுத்தால் அதன் விலையைக் கணக்கிடக் குடியானவருக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அம்மாட்டை ஓட்டிய மனிதனுடைய கைக்கும் காலுக்கும் உரிய மதிப்பைச் சட்டம் ரூபாயிலும் சதவீதத்திலும் எழுதி வைத்திருக்கிறது. அதனை உரிய காலத்தில் கேட்பது அடிபட்டவன் வீட்டாரின் கடமை; மறுக்காமல் கொடுப்பது வேலை வாங்கியவர் கடமை; நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பது கிராம அதிகாரியின் கடமை. இம்மூன்றும் ஒழுங்காக நடந்தேறுமாயின், ஒரு விபத்தினால் இரு குடும்பங்கள் கெடும் நிலைமை கிராமங்களில் நேராது.